ரெகார்டு பிளேயர் ஊசி தேய்ந்துவிட்டதா? கம்ப்யூட்டர் மூலம் சோதிக்கலாம்!

பழைய இசைத்தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் என்னிடம் எந்த சாஃப்ட்வேர் நல்லது, எந்த வயர் வாங்க வேண்டும், எம்பி3-யா வேவ் ஃபைலா என்றெல்லாம் கேட்கிறார்கள். ஊசி எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் தட்டில் இருக்கும் பாட்டு கம்ப்யூட்டருக்குள் வரும் பாதையில் முதலில் நிற்பது அந்த ஊசிதான். அது சரியில்லை என்றால் பின்னால் எவ்வளவு விலை உயர்ந்த கருவி இருந்தும் பயன் இல்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை எத்தனை முறை திறந்தாலும் அது தேயாது. தவறு செய்தால் அன்டூ இருக்கிறது. இசைத்தட்டுக்கு அன்டூ கிடையாது. தேய்ந்த ஊசி தட்டில் உள்ள பள்ளத்தைச் சுரண்டிவிட்டால் அந்த ஒலி போனது போனதுதான். எனவே பரணிலிருந்து பிளேயரை இறக்கியவுடன் தட்டைப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஊசியைப் பார்த்துவிடலாம்.

கார்ட்ரிட்ஜ் என்பது என்ன?

பிளேயரின் கை நுனியில் தீப்பெட்டியை விடச் சிறிய பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் கார்ட்ரிட்ஜ். அதன் அடியில் மெல்லிய குச்சி போல நீட்டிக்கொண்டிருப்பது கேன்டிலீவர். அதன் நுனியில் ஒட்டப்பட்டிருக்கும் மிகச் சிறிய கல்தான் ஊசி, அதாவது ஸ்டைலஸ். கேன்டிலீவரின் மறுமுனை ஒரு ரப்பர் வளையத்தில் பொருந்தியிருக்கும். ஊசி பள்ளத்தில் ஓடும்போது குச்சி ஆடுகிறது. அந்த ஆட்டம் மின்சாரமாக மாறுகிறது.

எப்படி மாறுகிறது என்பதில்தான் வகைகள். குச்சியின் முனையில் காந்தம் இருந்து, அது அசையாத கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஆடினால் மூவிங் மேக்னட். சுருளே ஆடினால் மூவிங் காயில். பழைய சூட்கேஸ் பிளேயர்கள் பலவற்றில் இருப்பது மூன்றாவது வகை, கிரிஸ்டல் அல்லது செராமிக். இதில் காந்தம் கிடையாது. ஊசியின் ஆட்டம் ஒரு சிறிய துண்டை வளைக்கிறது, அந்தத் துண்டே மின்சாரம் தருகிறது. கிரிஸ்டல் வகையில் இருப்பது ராஷெல் உப்பு. ஈரக்காற்றும் வெப்பமும் இதற்கு எமன். நம் ஊரில் முப்பது வருடம் பரணில் கிடந்த கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜிலிருந்து சத்தமே வரவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். அதற்கு ஊசி மாற்றிப் பயனில்லை, கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும்.

ஆக, 'கார்ட்ரிட்ஜ் நல்லா இருக்கா' என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கல் தேய்ந்ததா? ரப்பர் இறுகியதா? உள்ளே இருக்கும் சுருள் உயிரோடு இருக்கிறதா? மூன்றும் வேறு வேறு காரணங்களால் கெடுபவை. கல் ஓடிய தூரத்தால் தேயும். ரப்பர் ஓடாமல் சும்மா இருந்தாலும் வயதாலேயே கெடும். 'சீல் பிரிக்காத பழைய ஊசி சார், பெட்டியோடு இருக்கு' என்று கடைக்காரர் சொன்னால் கல் புதிதாக இருக்கலாம், ரப்பரைப் பற்றி அந்தப் பெட்டி எதுவும் சொல்லாது.

வைரம் எப்படித் தேயும்?

ஊசி முனை வைரம் அல்லது சபையர். சபையர் சில பத்து மணி நேரங்களிலேயே தேய ஆரம்பித்துவிடும். வைரம் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அதுவும் தேயத்தான் செய்யும். தட்டு மிருதுவான வினைல் ஆயிற்றே, வைரத்தை எப்படித் தேய்க்கும் என்று கேட்கலாம். தூரத்தைக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும்.

எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. ஒரு பக்கம் 20 நிமிடம் என்றால் சுமார் 667 சுற்று. வெளி விளிம்பில் பள்ளத்தின் ஆரம் சுமார் 14.6 செ.மீ. உள்ளே லேபிள் அருகே சுமார் 6 செ.மீ. சராசரியாக எடுத்துக்கொண்டால் ஒரு பக்கத்துக்கு ஊசி ஓடும் தூரம் சுமார் 430 மீட்டர். 500 மணி நேரம் என்பது 1500 பக்கங்கள். பெருக்கிப் பார்த்தால் 645 கிலோ மீட்டர். சென்னையிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் ஒரு சிறிய கல் முனை, தூசு கலந்த பாதையில், செருப்பு இல்லாமல் நடந்தே போகிறது!

வட்ட முனை ஊசியின் நுனி ஆரம் சுமார் 15 முதல் 18 மைக்ரான். பள்ளம் ஆங்கில எழுத்து 'வி' போல இருப்பதால் ஊசியின் அடி தரையைத் தொடாது. இரண்டு பக்கச் சுவர்களையும்தான் தொடும். எனவே தேய்மானமும் அந்த இரண்டு இடங்களில்தான். உருண்டையாக இருந்த இடம் தட்டையாகிறது. தட்டையான இடத்துக்கு ஓரம் என்று ஒன்று வரும் அல்லவா? அந்த ஓரம் உளி மாதிரி கூர்மையானது. தட்டுக்குச் சேதம் விளைவிப்பது அதுதான்.

எத்தனை மணி நேரம் தாங்கும்? கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. ஜப்பானின் ஆடியோ டெக்னிகா தன் ஊசிகளுக்கு வட்ட முனை 500 மணி, நீள்வட்ட முனை 300 மணி, ஷிபாட்டா முனை 800 மணி, மைக்ரோலீனியர் 1000 மணி என்று கூறுகிறது. ஆர்ட்டோஃபோன் ஒழுங்காகப் பராமரித்தால் 1000 மணி வரை என்கிறது. நான் எச்சரிக்கையான எண்ணையே எடுத்துக்கொள்வேன். ஊசி இன்னும் கிடைக்கும், தட்டு கிடைக்காது.

கண்ணால் பார்ப்பது

நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள். இதை வைத்துக் கல் தேய்ந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஆனால் வேறு மூன்று விஷயங்கள் தெரியும். கல் இருக்கிறதா இல்லையா (சிரிக்காதீர்கள், கல்லே உதிர்ந்துபோன குச்சியால் தட்டைப் போட்டுக்கொண்டிருந்த வீடுகள் உண்டு). ஊசியைச் சுற்றிப் பஞ்சு போல அழுக்கு அடைத்திருக்கிறதா. முன்பக்கமிருந்து பார்த்தால் கேன்டிலீவர் நேராக இருக்கிறதா, ஒரு பக்கம் கோணிக்கொண்டிருக்கிறதா.

அழுக்கு இருந்தால் மென்மையான சிறிய பிரஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தடவ வேண்டும். அதாவது தட்டு ஓடும் திசையில். பக்கவாட்டிலோ எதிர்த்திசையிலோ தடவினால் குச்சி வளைந்துவிடும். விரலால் தொடவே கூடாது. பல சமயம் 'ஊசி போயிடுச்சு' என்று நினைத்தது இந்த அழுக்காகவே இருக்கும்.

ரப்பரைப் பார்க்க, ஊசியைத் தட்டின் மீது இறக்கிவிட்டுப் பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். கார்ட்ரிட்ஜின் வயிறு கிட்டத்தட்ட தட்டை உரசுகிற மாதிரி தாழ்ந்திருந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. எதிர்மாறாக இறுகிப்போன ரப்பர் பார்வைக்குத் தெரியாது. சத்தமான இடங்களில் ஊசி கரகரப்பதும், நல்ல தட்டிலேயே துள்ளிக் குதிப்பதும்தான் அதன் அடையாளம்.

துள்ளுகிறது என்பதற்காகத் தலையில் நாணயம் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. 25 பைசா ஸ்டீல் நாணயம் சுமார் 2.8 கிராம். அந்த நாணயம் 2011-லேயே செல்லாமல் போய்விட்டது, ஆனால் பிளேயர்களில் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது! இன்றைய மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்குத் தேவையான மொத்த எடையே 1.5 முதல் 2 கிராம்தான். நாணயம் வைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அதற்காக எடையைக் குறைப்பதும் தவறு. குறைந்த எடையில் ஊசி சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு ஓடும், அதுவும் பள்ளத்தைக் கெடுக்கும். கார்ட்ரிட்ஜோடு வந்த தாளில் உள்ள எடையை வையுங்கள். இதற்கென்று சின்ன டிஜிட்டல் தராசுகள் கிடைக்கின்றன.

யு.எஸ்.பி. மைக்ராஸ்கோப்

கல்லின் தேய்மானத்தைப் பார்க்க உண்மையாகவே 100 முதல் 200 மடங்கு பெரிதாக்க வேண்டும். கம்ப்யூட்டரில் செருகும் யு.எஸ்.பி. மைக்ராஸ்கோப் இதற்கு உதவும். பெட்டியில் 1000 மடங்கு, 1600 மடங்கு என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு மயங்க வேண்டாம். அது படத்தை மானிட்டரில் இழுத்துப் பெரிதாக்கிச் சொல்லும் கணக்கு. ஆட்டம் இல்லாத நல்ல ஸ்டாண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை விட ஸ்டாண்ட்தான் முக்கியம்.

மூவிங் மேக்னட் வகையில் ஊசிப் பகுதி தனியாகக் கழன்று வரும். மெதுவாக முன்பக்கமாக இழுத்தால் போதும். அதை முனை மேலே பார்க்கும்படி வைத்து, மைக்ராஸ்கோப்பை நேர் மேலே நிறுத்தி, அதன் சொந்த விளக்கைக் குறைத்துவிட்டு, இரண்டு பக்கங்களிலிருந்தும் டார்ச் ஒளியைச் சாய்வாகக் காட்டுங்கள். புதிய ஊசியில் ஒளி சிறு புள்ளியாக மின்னும். டார்ச்சை நகர்த்தினால் புள்ளியும் வழுக்கிக்கொண்டு நகரும், ஏனென்றால் பரப்பு உருண்டை. தேய்ந்த ஊசியிலோ இரண்டு பக்கமும் சின்னக் கண்ணாடித் துண்டு பதித்த மாதிரி தட்டையான இடங்கள் தெரியும். டார்ச்சை நகர்த்தினால் அவை முழுதாகப் பளிச்சென்று எரிந்து, சட்டென்று அணைந்துவிடும். அந்த இடங்களின் ஓரம் கோடு போட்டது போலக் கூர்மையாக இருந்தால் அந்த ஊசியோடு இனி ஒரு தட்டையும் தொடாதீர்கள்.

மற்றொன்றும் பாருங்கள். இரண்டு பக்கத் தட்டை இடங்களும் ஒரே அளவில் இருக்கின்றனவா? ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் கார்ட்ரிட்ஜ் சாய்ந்து மாட்டப்பட்டிருக்கலாம், அல்லது கை உள்பக்கம் இழுக்கப்படுவதைச் சரிசெய்யும் ஆன்ட்டி ஸ்கேட்டிங் அமைப்பு தவறாக இருக்கலாம். இதைச் சரி செய்யாமல் புது ஊசி போட்டால் அதுவும் அதே போலத்தான் தேயும்.

காதும் கம்ப்யூட்டரும்

மைக்ராஸ்கோப் இல்லாதவர்களுக்கு அடுத்த வழி ஒலிதான். தேய்மானம் முதலில் கேட்கும் இடம் தட்டின் கடைசிப் பாட்டு. இதற்குக் காரணம் உண்டு. வெளி விளிம்பில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் வினாடிக்கு சுமார் 51 செ.மீ. லேபிள் அருகே சுமார் 21 செ.மீ.தான். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் வசதியாக எழுதப்பட்டிருக்கும். உள்ளே அதே அலை 21 மைக்ரானுக்குள் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். தட்டையாகிப்போன முனை அந்த நெருக்கமான வளைவுகளுக்குள் நுழைய முடியாமல் மேலோடு போய்விடும். விளைவு, 'ச', 'ஸ', 'ஷ' வரும் இடங்களில் எல்லாம் எச்சில் தெறிப்பது போன்ற ஓசை. ஜால்ராவும் வயலினின் மேல் ஸ்தாயியும் கண்ணாடி கீறுவது போலாகும்.

இதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து பார்க்க ஆடாசிட்டி போதும். 2000-ல் முதலில் வெளியான இலவச சாஃப்ட்வேர் இது. பிளேயரில் யு.எஸ்.பி. வசதி இருந்தால் நேராகச் செருகலாம். இல்லையென்றால் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தரும் ஒலி சில மில்லிவோல்ட்டுகள்தான் என்பதால் நடுவே ஃபோனோ பிரீ ஆம்ப் வேண்டும். தட்டில் பதியும்போது அடி ஒலியைக் குறைத்தும் மேல் ஒலியைக் கூட்டியும் பதிந்திருப்பார்கள். அதைப் பழையபடி திருப்புவதும் அதன் வேலைதான். லேப்டாப்பில் இருக்கும் மைக் துளையில் செருகாதீர்கள். அது பெரும்பாலும் ஒரு சேனல்தான் எடுக்கும். லைன் இன் உள்ள யு.எஸ்.பி. ஆடியோ அடாப்டர் வாங்குங்கள்.

44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வைத்து, மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் குறைத்துக்கொண்டு பதிவு செய்யவும். மீட்டர் உச்சியில் முட்டினால் வரும் கரகரப்பை ஊசியின் குற்றம் என்று நினைத்துவிடுவோம்.

இப்போது எனக்குப் பிடித்த சோதனை. மோனோ தட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மோனோ தட்டில் இரண்டு சுவர்களிலும் இருப்பது ஒரே ஒலி. ஒரு நிமிடம் பதிவு செய்தபின் டிராக்கின் இடது ஓரத்தில் உள்ள பெயரை க்ளிக் செய்தால் மெனு திறக்கும். அதில் ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஒன்று இரண்டு டிராக்காகும். கீழே உள்ளதை மட்டும் செலக்ட் செய்து, எஃபெக்ட் மெனுவில் இன்வர்ட் கொடுக்கவும் (பதிப்பைப் பொறுத்து உள் மெனுவில் இருக்கலாம்). இப்போது இரண்டையும் சேர்த்து ஓட விட்டால் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். கீழ் டிராக்கின் வால்யூம் ஸ்லைடரை மெல்ல நகர்த்தி, பாட்டு மிகக் குறைவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

மிச்சம் என்ன கேட்கிறது? தூசு வெடிக்கும் ஓசையும் லேசான உறுமலும் மட்டும் என்றால் மகிழ்ச்சி. பாடகரின் குரல் போய், ஒவ்வொரு 'ச'வுக்கும் ஒரு கீறல் மட்டும் மிஞ்சுகிறது என்றால் ஊசி பள்ளத்தைச் சரியாகப் பின்பற்றவில்லை. முழுக் குரலும் தெளிவாக மிஞ்சினால் கார்ட்ரிட்ஜ் சாய்ந்திருக்கலாம் அல்லது ஒரு சேனல் பலவீனம். வால்யூம் வித்தியாசம் 2 டெசிபல் வரை சாதாரணம்தான்.

ஊசியா, தட்டா?

மேலே சொன்ன சோதனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. கீறல் கேட்டால் தேய்ந்தது ஊசியாகவும் இருக்கலாம், தட்டாகவும் இருக்கலாம். புரோகிராமில் பிழை தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். இங்கும் அதேதான். அதிகம் ஓடாத புதுத் தட்டு ஒன்றின் கடைசிப் பாட்டைப் போடுங்கள். அதிலும் கீறல் என்றால் ஊசி அல்லது அதைப் பொருத்திய விதம். அதில் சுத்தமாக இருந்து பழைய தட்டில் மட்டும் கேட்டால் தட்டுதான். சோதனைக்கு உங்களுக்கு வேண்டாத தட்டையே பயன்படுத்துங்கள். சந்தேகமான ஊசியை அருமையான தட்டில் வைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது.

கும்பகோணத்தில் என் பெரியப்பா வீட்டில் அறுபது தட்டுகள் இருக்கின்றன. எம்.எஸ்.சுப்புலட்சுமியின் 1963 வெங்கடேச சுப்ரபாதம் எல்.பி. முதல் சினிமா ஈ.பி.க்கள் வரை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார். ஊசியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"டேய், இருபது வருஷமா இதே ஊசிதான். நல்லாத்தானே பாடுது."

"இருக்கட்டும் பெரியப்பா, ஒரு தடவை பாத்துட்டுப் போடுவோம்."

லேப்டாப் திரையில் ஊசி முனை தெரிந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி இரண்டு தட்டை இடங்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ தினமும் காலையில போட்டதெல்லாம்...?" என்றார்.

புது ஊசி வந்த பின் அறுபதையும் ஏற்றினோம். அதிகம் போடாமல் ஓரமாக வைத்திருந்த தட்டுகள் பிரமாதமாக வந்தன. சுப்ரபாதத்தின் இரண்டு பக்கமும் கடைசி ஐந்து நிமிடம் கீறலோடுதான் வந்தது. மிகவும் விரும்பிக் கேட்ட தட்டுகளே மிகவும் கெட்டிருந்தன. சாஃப்ட்வேரில் சத்தம் நீக்கும் வசதிகள் இருக்கின்றன, முயன்றும் பார்த்தேன். தூசு ஓசையை அவை நீக்கும். செதுக்கப்பட்டுவிட்ட சுவரைத் திரும்பக் கட்டித் தராது. சுப்ரபாதத்துக்கு வேறு ஒரு பிரதி தேடிக்கொண்டிருக்கிறோம். அதில் கிடைக்கிற பிரதி எத்தனை ஊசிகளைப் பார்த்ததோ!

ஒரு பக்கம் சத்தம் வரவில்லையா?

பிளேயரிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளைப் பின்களை ஆம்பில் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கமும் இடம் மாறினால் குறை பிளேயர் பக்கம். மாறாவிட்டால் ஆம்ப் பக்கம். பிளேயர் பக்கம் என்றால் கார்ட்ரிட்ஜின் பின்னால் நான்கு பின்கள் இருக்கும். சிவப்பும் பச்சையும் வலது சேனல், வெள்ளையும் நீலமும் இடது. வயரைக் கழற்றிவிட்டு மல்டி மீட்டரில் ஓம் அளவு பாருங்கள். மூவிங் மேக்னட் என்றால் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை காட்டும். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். ஒரு பக்கம் எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. செராமிக் வகையில் சுருளே இல்லை, இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது. மூவிங் காயில் வகையின் சுருள் மிக மெல்லியது. அதில் மீட்டரை வைக்காமல் இருப்பதே நல்லது.

வாங்கும்போது

பழைய கடையில் 'ஊசி புதுசு சார்' என்பார்கள். பைக்கில் கிலோ மீட்டர் காட்டும், ஊசியில் எதுவும் காட்டாது. பழைய பிளேயர் வாங்கினால் ஊசியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூவிங் மேக்னட் என்றால் கார்ட்ரிட்ஜை வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் மாற்றலாம். ஷூர் கம்பெனி 2018-ல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே நிறுத்திவிட்டது. ஆனாலும் ஜப்பானின் ஜிகோ போன்றவர்கள் அந்த மாடல்களுக்கு ஊசி தயாரிக்கிறார்கள். மாடல் எண்ணைச் சரியாகக் குறித்துக்கொண்டு வாங்கவும். 78 தட்டுகளுக்கு வேறு ஊசி, முனை சுமார் நான்கு மடங்கு பெரியது. பழைய பிளேயர்களில் இரண்டையும் மாற்றிக்கொள்ள ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். எல்.பி. போடும் முன் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.

புது ஊசி போட்ட அன்றே ஒரு தட்டின் கடைசிப் பாட்டைப் பதிவு செய்து, தேதியைப் பெயராக வைத்து சேவ் செய்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே தட்டு, அதே எடை, அதே வால்யூமில் மறுபடி பதிந்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். தினமும் கேட்கும் காது மெல்லக் குறைவதைக் கவனிக்காது, ஃபைல் ஞாபகம் வைத்திருக்கும். நோட்பேடில் ஒரு ஃபைல் திறந்து ஒவ்வொரு பக்கம் ஓடியதும் ஒரு வரி எழுதுங்கள். எஃப்5 கீயை அழுத்தினால் தேதியும் நேரமும் தானாக விழும். மூன்று வரி என்றால் ஒரு மணி நேரம். நீள்வட்ட ஊசி என்றால் 900 வரியை நெருங்கும்போது மைக்ராஸ்கோப்பை எடுங்கள்.